சயானில் படுங்கள், கொலாபாவில் நடங்கள்

கேள்வி: சங்கரன்கோவிலில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் ஒரு வருடமாக மும்பை, மும்பை என்று நச்சரிக்கிறாள். அரையாண்டு லீவில் மனைவி, மகள், 9 வயது மகன், 67 வயது அம்மா எல்லோரையும் கூட்டிக்கொண்டு வர ஆசை. ரயில் டிக்கெட் போக கையில் 30,000 ரூபாய்தான் இருக்கும். கேட்டவர்கள் எல்லாம் "மும்பையில் அது ரெண்டு நாளைக்குக் காணாது" என்கிறார்கள். கொலாபாவில் தங்கினால் எல்லாம் பக்கம் என்கிறார் ஒருவர். பன்வேலில் ரூம் சல்லிசு என்கிறார் இன்னொருவர். தாராவியில் இருக்கும் என் சித்தப்பா மகன், அவன் வீட்டிலேயே தங்கச் சொல்கிறான். என்ன செய்யலாம்?
— பெயர் வேண்டாம், சங்கரன்கோவில்

பதில்:

அண்ணாச்சி, மூன்று ராத்திரி, நாலு பகல் என்று வைத்துக்கொண்டால் 30,000 தாராளமாகக் காணும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ரூம், வண்டி, சாப்பாடு ஏற்பாடு செய்து கொடுக்கிற வேலையில் 23 வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். உங்களைப் பயமுறுத்தியவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் எது விலை என்று அவர்கள் பிரித்துச் சொல்லவில்லை.

மும்பையில் விலை ஏறிக் கிடப்பது தரை ஒன்றுதான். மூன்று பக்கமும் தண்ணீரை வைத்துக்கொண்டு வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிற ஊர் இது. முதுகைச் சாய்க்க இடம் கேட்டால் இங்கே சொத்தை எழுதி வாங்குவார்கள். நடக்க, உட்கார, கடல் பார்க்க, ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போக, நின்றபடி வயிற்றை நிரப்ப என்றால் சென்னையைவிடக்கூட இங்கே செலவு குறைவு என்பேன். அதனால் எங்கே படுப்பது என்பதைச் சரியாக முடிவு செய்துவிட்டால் உங்கள் பட்ஜெட்டில் பாதி வேலை முடிந்தது.

கொலாபா வேண்டாம். கேட்வே ஆஃப் இந்தியா பக்கத்தில் ஐந்து பேர் சுத்தமாகத் தங்குகிற மாதிரி ரூம் என்றால், அதுவும் கிறிஸ்துமஸ் வாரத்தில், மூன்று ராத்திரியில் உங்கள் பணம் மொத்தமும் போய்விடும். அதே பணத்துக்குக் கிடைக்கிற பழைய லாட்ஜ்களில் சிலவற்றில் ஜன்னல்கூட இருக்காது. பன்வேலும் வேண்டாம், அதை அனுபவித்தே சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் கும்பகோணத்துக் குடும்பம் ஒன்றைப் பன்வேல் பக்கம் தங்கவைத்தேன். ஒரு ராத்திரிக்கு 900 ரூபாய் மிச்சம் பிடித்துக் கொடுத்ததில் எனக்கு ஒரே பெருமை. பன்வேலிலிருந்து தென்மும்பையில் இருக்கும் பெரிய ஸ்டேஷனான சி.எஸ்.எம்.டி.க்கு (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) லோக்கல் ரயிலில் ஒண்ணேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதல் நாள் போய் வந்ததிலேயே பாட்டிக்குக் கால் வீங்கிவிட்டது. அடுத்த இரண்டு ராத்திரியும் தென்மும்பைக் கடற்கரைச் சாலையான மெரைன் டிரைவிலிருந்து டாக்ஸி பிடித்துத் திரும்பினார்கள். மிச்சம் பிடித்தது ஒரே சவாரியில் கரைந்தது. ஊருக்குப் போகும்போது அந்தப் பெரியவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நடுவில் தங்குங்கள். சயான், மாட்டுங்கா, தாதர் வட்டாரம்தான் உங்களுக்குத் தோது. முதலில் சயானில் தேடுங்கள். அங்கே நடுத்தர லாட்ஜில் இரண்டு பேர் ரூம் சுமார் 2,500 ரூபாய்க்குக் கிடைக்கும். ஐந்து பேருக்கு இரண்டு ரூம், ஒன்றில் எக்ஸ்ட்ரா பெட். சுற்றுலாக்காரர்கள் அதிகம் தங்காத பக்கம் என்பதால் டிசம்பர் கடைசியிலும் கொலாபா மாதிரி விலை துள்ளாது. போனில் பேசும்போது மறக்காமல் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, செக்-இன் 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா? விடிகாலையில் வந்து இறங்கிவிட்டு 12 மணி வரை பெட்டிகளோடு ரிசப்ஷன் சோபாவில் உட்கார்ந்திருப்பது கொடுமை. அடுத்தது, ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரமா, ஈஸ்ட்டா வெஸ்ட்டா? மும்பையில் எந்த முகவரிக்கும் ஜாதகம் இதுதான். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ரூம் எடுத்துவிட்டால், பக்கத்தில் தெரிகிற இடத்துக்குப் பாலம் ஏறி இறங்க வேண்டும். அம்மாவுக்கு அது ஆகாது.

இப்போது உங்கள் சித்தப்பா மகன் வீடு. தம்பி மனசாரத்தான் கூப்பிடுகிறார், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் தாராவியில் வீடு என்றால் பெரும்பாலும் பத்துக்குப் பதினைந்தில் ஒரே அறை. அதிலேயே அடுப்பு, பீரோ, டிவி. மேலே ஏணி வைத்து ஒரு மாலா, நம் ஊர்ப் பரண்தான், அங்கே பிள்ளைகள் படுக்கும். தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம் வரும், அதற்குள் பிடித்து வைத்தால்தான் அன்றைய பொழுது ஓடும். நிறைய வீடுகளுக்குப் பொதுக் கழிப்பறைதான், காலையில் வரிசை நிற்கும். நீங்கள் ஐந்து பேர் போய் இறங்கினால் அவருடைய பிள்ளைகள் பக்கத்து வீட்டில் போய்ப் படுக்கும், வீட்டுக்காரம்மா நாலு மணிக்கே எழுந்து குடம் தூக்குவார். இதையெல்லாம் அவர் உங்களிடம் சொல்லவும் மாட்டார். ஒரு நாள் சாயங்காலம் போய் ராத்திரிச் சாப்பாட்டை அங்கேயே சாப்பிடுங்கள். கோவில்பட்டி கடலை மிட்டாயும் இரண்டு கிலோ கருப்பட்டியும் கொண்டுபோய்க் கொடுத்தால் இந்த ஊரில் எந்த ஸ்வீட் பாக்ஸும் அதற்கு ஈடாகாது. சயானிலிருந்து தாராவி பக்கம்தானே, ஆட்டோவில் போய்விடலாம். 90 அடி ரோட்டில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளைப் பார்த்தால் அம்மாவுக்கும் ஊர்ப் பக்கம் வந்த மாதிரி இருக்கும். வழிகாட்டி வைத்துத் தாராவியைச் சுற்றிக் காட்டும் டூர்களும் நடக்கின்றன. காசு கொடுத்து அடுத்தவன் வீட்டு வாசலை எட்டிப் பார்ப்பது எனக்கு ஒப்பாது. உங்களுக்கு அது தேவையும் இல்லை, நீங்கள் உறவுக்காரராகப் போகிறீர்கள்.

தேதி. ரயிலில் இரண்டு ராத்திரி போகும் என்பதால் லீவு விட்ட அன்றே கிளம்பிவிடுங்கள். 30-ஆம் தேதி ராத்திரிக்குள் மும்பையைவிட்டு வண்டி ஏறியிருக்க வேண்டும். 31 ராத்திரி மெரைன் டிரைவில் நிற்கவே இடம் இருக்காது, பிள்ளைகளோடு அந்தக் கூட்டம் வேண்டாம். ரயிலில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது (2024 நவம்பருக்கு முன்பு 120 நாள் இருந்தது). அதனால் அக்டோபர் கடைசி வாரத்தில் காலை 8 மணிக்குக் கவுண்டரிலோ போனிலோ தயாராக இருங்கள். நாகர்கோவிலிலிருந்து மும்பைக்கும், திருநெல்வேலியிலிருந்து தாதருக்கும் வண்டிகள் உண்டு. தினசரி கிடையாது, கிழமை பார்த்துக்கொள்ளுங்கள். எதில் வந்தாலும் தாதரில் இறங்கி டாக்ஸியில் சயானுக்குப் போங்கள். பெட்டிகளோடு லோக்கலில் ஏறுகிற வீரம் முதல் நாளே வேண்டாம்.

அங்கே கறுப்பு மஞ்சள் டாக்ஸிகள் மீட்டர் போட்டு ஓடுகின்றன. 2025 பிப்ரவரியிலிருந்து முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு டாக்ஸி 31 ரூபாய், ஆட்டோ 26 ரூபாய். மீட்டர் போடச் சொல்லி வாதாடவே வேண்டாம், அவர்களே போடுவார்கள். நம் ஊர் ஆட்டோ ஸ்டாண்டில் பழகியவர்களுக்கு இது ஒரு அதிசயம். ஆனால் சயானுக்கும் பாந்த்ராவுக்கும் தெற்கே ஆட்டோ கிடையாது. அப்புறம், டாக்ஸியில் நாலு பேர், ஆட்டோவில் மூன்று பேர்தான். நீங்கள் ஐந்து பேர், எங்கே போனாலும் இரண்டு வண்டி ஆகும். அதனாலேயே லோக்கலும் பஸ்ஸும்தான் உங்களுக்குக் கட்டும்.

லோக்கலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பலர் பணத்தை விடுவது இங்கேதான். செகண்ட் கிளாஸில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். சயானிலிருந்து சி.எஸ்.எம்.டி. வரைக்கும் சில்லறைக் காசுதான். நான் வந்த முதல் வாரம் குர்லாவில் நிற்கிறேன். வருகிற பெட்டி எல்லாம் பிதுங்கி வழிகிறது, ஒரு பெட்டி மட்டும் அம்சமாகக் காலியாக இருந்தது. நம் நேரம் நல்லாயிருக்கு என்று ஏறி உட்கார்ந்தேன். இரண்டு ஸ்டேஷன் கழித்து டி.சி. (டிக்கெட் செக்கர்) வந்து தோளைத் தட்டினார். அது ஃபர்ஸ்ட் கிளாஸ். தனி வண்டியாக வராது, அதே ரயிலில் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும், உள்ளே பார்த்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. பெட்டியின் வெளிப்பக்கம் சிவப்பும் மஞ்சளுமாகச் சாய்கோடு போட்டிருந்தால் விலகி நில்லுங்கள். தப்பி ஏறினால் 250 ரூபாய் அபராதம், அதற்கு மேல் டிக்கெட் பணமும் சேரும். ஐந்து பேருக்குப் பெருக்கிப் பாருங்கள்.

வீட்டுப் பெண்கள் மூவரும் லேடீஸ் பெட்டியில் போகட்டும், நீங்களும் பையனும் பொதுப் பெட்டியில் ஏறுங்கள். எந்த ஸ்டேஷனில் இறங்குவது என்பது மட்டும் ஐந்து பேருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். "புடீல் ஸ்டேஷன்", "அக்லா ஸ்டேஷன்", "நெக்ஸ்ட் ஸ்டேஷன்" என்று மூன்று மொழியில் அறிவிப்பு வரும், இரண்டாம் நாள் உங்கள் மகன் அதை அப்படியே பாடிக்காட்டுவான். சயானில் ஸ்லோ வண்டிதான் நிற்கும், அது புதியவர்களுக்கு நல்லதுதான். பாஸ்ட் வண்டியில் ஏறிவிட்டால் ஸ்டேஷன் கண்முன்னே ஓடிப் போய்விடும். காலை 8-லிருந்து 11 வரை தெற்கே போகிற வண்டியிலும், சாயங்காலம் 5-லிருந்து 9 வரை வடக்கே வருகிற வண்டியிலும் ஏறாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் மெகா பிளாக் என்று தண்டவாள வேலைக்காகப் பகலில் சில மணி நேரம் வண்டிகளைக் குறைத்துவிடுவார்கள். முந்தின நாளே லாட்ஜில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவோடு போகிற நாட்களுக்கு மெட்ரோ இருக்கிறது. ஆரேயிலிருந்து கஃப் பரேடு வரை 33.5 கிலோமீட்டர் பூமிக்கடியில் போகிற மூன்றாம் வழித்தடம் 2025 அக்டோபரில் முழுதாகத் திறந்துவிட்டது. ஏ.சி., லிஃப்ட், உட்கார இடம், கட்டணம் 10-லிருந்து 70 ரூபாய்க்குள். அதில் தாராவி, தாதர், சித்திவிநாயக், சி.எஸ்.எம்.டி., சர்ச்கேட் எல்லாமே வருகின்றன.

ஊர் சுற்றுவதற்கு ஒரு முழு நாளைத் தென்மும்பைக்கு வையுங்கள். 11 மணிக்கு மேல் சயானில் ஏறி சி.எஸ்.எம்.டி.யில் இறங்குங்கள். இறங்கியதும் அவசரப்பட்டு ஓடாமல் ரோட்டைக் கடந்து மாநகராட்சிக் கட்டிடப் பக்கம் நின்று திரும்பிப் பாருங்கள். பத்து வருடம் கட்டி 1888-ல் முடித்த ஸ்டேஷன் அது, 2004-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. வாசல் தூண்களில் ஒரு பக்கம் சிங்கம், மறு பக்கம் புலி. சுவரெல்லாம் குரங்கும் மயிலும் இலையுமாகக் கல்லில் செதுக்கியிருக்கும். அரை மணி நேரம் பிள்ளைகளை எண்ணச் சொல்லிவிட்டு நீங்கள் ஒரு கட்டிங் சாய் (அரை டம்ளர் டீ) குடியுங்கள். அங்கிருந்து ஹுதாத்மா சௌக், ராஜாபாய் கோபுரம், ஓவல் மைதானம் என்று நிழலிலேயே நடந்து போகலாம். ஓவலில் நின்றால் ஒரு பக்கம் கூரான கோபுரங்களோடு விக்டோரியா காலத்துக் கட்டிடங்கள், எதிர்ப்பக்கம் மூலை வளைந்த ஆர்ட் டெகோ வீடுகள். இரண்டும் சேர்ந்து 2018-ல் யுனெஸ்கோ பட்டியலுக்குப் போயின. நடுவில் ஒரே சமயத்தில் பத்து கிரிக்கெட் மேட்ச் நடக்கும், எந்தப் பந்து எந்த மேட்சுக்கு என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஜஹாங்கிர் ஆர்ட் கேலரியில் நுழைவு இலவசம், கால் வலித்தால் உள்ளே போய் உட்காருங்கள். டிசம்பரில் சூரியன் 6 மணி சுமாருக்கு மறையும், 5:30-க்கு மெரைன் டிரைவ் சுவரில் இடம் பிடித்துவிடுங்கள். இருட்டினதும் விளக்கு வரிசையாக எரிகிறபோது உங்கள் மகள் கேட்ட மும்பை அதுவாகத்தான் இருக்கும். ராத்திரி 9 மணிக்கு மேல் திரும்பலாம்.

நரிமன் பாயிண்ட் பக்கமிருந்து சி.எஸ்.எம்.டி. வர நகர பஸ் நிறுவனமான பெஸ்ட்டின் மின்சார டபுள் டெக்கர் பஸ் ஓடுகிறது. ஏ.சி. பஸ்ஸில் குறைந்தபட்சம் 12 ரூபாய். மாடியில் முன் சீட்டுக்குப் பையன் சண்டை போடுவான், போடட்டும். பழைய சிவப்பு டபுள் டெக்கரை 2023 செப்டம்பரில் நிறுத்திவிட்டார்கள். ஜன்னல் திறந்து காற்று வாங்கிய அந்த மாடிக்கு இது ஈடாகாது, என்றாலும் 12 ரூபாய்க்கு வேறு எந்த டூர் பஸ் கிடைக்கும்?

இரண்டாம் நாள் எலிஃபண்டா, கடலுக்குள் குகைக் கோயில் இருக்கும் தீவு. திங்கட்கிழமை விடுமுறை, அன்று போய் நிற்காதீர்கள். 7 மணிக்கே சயானில் ஏறிவிட்டால் கூட்டத்துக்கு முன் கேட்வே போய்விடலாம். படகு போக ஒரு மணி நேரம், போய்வர ஆளுக்கு 260 ரூபாய் சுமார். குகைக்கு நுழைவுச்சீட்டு 40 ரூபாய், 15 வயதுக்குள் பிள்ளைகளுக்கு இலவசம். உள்ளே இருபதடிக்குக் கொஞ்சம் குறைவாக, மூன்று முகத்தோடு நிற்கும் சிவனைப் பார்த்தபின் படகுக் காசு கணக்கில் வராது. நூற்றுச் சொச்சம் படி ஏற வேண்டும் என்பதால் அம்மாவை அன்றைக்குத் தம்பி வீட்டில் விட்டுவிடுவது நல்லது. படகில் லைஃப் ஜாக்கெட் கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் பாட்டிலைக் கரையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், சாப்பாட்டுப் பையைக் குரங்கு கண்ணில் காட்டாதீர்கள்.

மூன்றாம் நாளை அம்மாவுக்குக் கொடுங்கள். மெட்ரோவில் சித்திவிநாயகர், பிறகு மகாலட்சுமி. பக்கத்திலேயே கடலுக்குள் இருக்கும் ஹாஜி அலி தர்கா, கடல் ஏறினால் பாதை மூழ்கிவிடும், இறக்கம் பார்த்துப் போங்கள். செவ்வாய்க்கிழமை சித்திவிநாயகர் பக்கம் தலைவைக்க வேண்டாம், வரிசை நகரவே நகராது. நடிகர்கள் வீட்டு வாசலில் நின்று போட்டோ எடுப்பதற்கு அரை நாள் செலவழிக்கிறவர்கள் உண்டு. கேட்டைத்தான் பார்ப்பீர்கள், அவ்வளவுதான். துணிமணிக்கு ஃபேஷன் ஸ்ட்ரீட்டில் சொல்கிற விலையில் பாதியிலிருந்து பேரத்தைத் தொடங்குங்கள்.

சாப்பாட்டில் ஒரே ஒரு எச்சரிக்கை. மாட்டுங்காவில் புகழ்பெற்ற தென்னிந்திய ஓட்டல்கள் வரிசையாக இருக்கின்றன, ஞாயிறு காலையில் பெயர் எழுதிவைத்துக் காத்திருந்து இட்லி சாப்பிடுவார்கள். சங்கரன்கோவிலிலிருந்து இரண்டு ராத்திரி ரயிலில் வந்து இட்லிக்கு வரிசை நிற்பதா? அம்மாவுக்குச் சாதம், ரசம் வேண்டுமென்றால் மட்டும் மாட்டுங்கா ஸ்டேஷன் எதிரே இருக்கும் ராமநாயக் உடுப்பியில் மதியச் சாப்பாடு சாப்பிடுங்கள், 1942-லிருந்து நடக்கிறது. சாம்பார் கொஞ்சம் தித்திக்கும், அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். மற்றபடி வடாபாவ் (பாவ் பன்னுக்குள் உருளைக்கிழங்கு வடை), மிசல், ஈரானிக் கடையில் பன் மஸ்காவும் சாயாவும், தாதர் பக்கத்து மராட்டிக் கடைகளில் தாலிபீட், சாபுதானா கிச்சடி. மதியத்துக்கு எந்தச் சின்ன ஓட்டலிலும் "ரைஸ் பிளேட்" என்று கேளுங்கள். சப்பாத்தி, சாதம், பருப்பு, ஒரு சப்ஜி வரும். ஒரு ஆள் வயிறு நிறையும்.

சரி, கணக்கு. ரூம் இரண்டு, மூன்று ராத்திரி, எக்ஸ்ட்ரா பெட் சேர்க்காமல், 5 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 15,750. சாப்பாடு நாளைக்கு ஆளுக்கு 350 வீதம் 7,000. லோக்கல், மெட்ரோ, பஸ், டாக்ஸி எல்லாம் 2,500. எலிஃபண்டா 1,500. மொத்தம் 26,750. மீதி 3,250 ரூபாயை உங்கள் வீட்டுக்காரம்மாவிடம் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். உங்கள் பையில் இருந்தால் ஃபேஷன் ஸ்ட்ரீட்டில் போய்விடும்.

திரும்புகிற அன்று தாதரில் வண்டி ஏறும் முன் ஆளுக்கு இரண்டு வடாபாவ் கட்டிக்கொள்ளுங்கள். பச்சைச் சட்னியைத் தனியாகத் தரச் சொல்லுங்கள், தடவிக் கட்டினால் கல்யாண் தாண்டுவதற்குள் பாவ் ஊறிவிடும். பூண்டுப் பொடியை மட்டும் உள்ளே தூவச் சொன்னால் போதும், புனே வரைக்கும் தாங்கும்.